சுங்கம் தவிர்த்த பிறகு

கோயம்புத்தூர் திருச்சி சாலையில் 'சுங்கம்' என்றொரு நிறுத்தம் உண்டு. கோட்டயத்தில் ஒரு சுங்கம் உண்டு, ஆலப்புழையில் இன்னொன்று. ஊருக்குள் வரும் வண்டியை மறித்துச் சரக்குக்கு வரி வாங்கிய காலம் போய்விட்டது; இடத்தின் பெயர் நின்றுவிட்டது. கன்னடத்தில் இதே சொல் 'சுங்க', தெலுங்கில் 'சுங்கமு'. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் இருப்பது சுங்க அலுவலகம். கொழும்பில் இருப்பது இலங்கைச் சுங்கத் திணைக்களம். நெடுஞ்சாலையில் நம் வண்டியை நிறுத்துவது சுங்கச்சாவடி.

சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால் வரிப்பெயர்கள் வரிசையாக வரும். தறியிறை நெசவாளிக்கு, செக்கிறை எண்ணெய் ஆட்டுபவனுக்கு, தட்டார்ப்பாட்டம் பொற்கொல்லனுக்கு, ஈழம்பூட்சி கள்ளிறக்குபவனுக்கு. இவையெல்லாம் கல்லோடு நின்றுவிட்டன. நிலவரியைக் குறித்த 'கடமை' மட்டும் வரிக்கணக்கை விட்டு இறங்கி ஒழுக்கச் சொல்லாகிவிட்டது. சுங்கமோ வரியாகவே இன்றும் வாழ்கிறது.

அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அரசுகள் வரியைப் பற்றி எப்படி யோசித்து வந்திருக்கின்றன என்பது தெரிய வருகிறது. ஒவ்வொரு பட்ஜெட் நாளிலும் 'எது குறைந்தது, எது கூடியது' என்று ஒரு பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலில் வராத கேள்வி ஒன்று உண்டு: ஓரிடத்தில் தவிர்த்த வரியின் சுமை வேறு எங்கே போய் உட்கார்ந்தது? சுங்கத்தின் கதை முழுவதும் இந்தக் கேள்விக்கான விடைதான்.

ஒரு வேர், இரண்டு வரவு

சங்க இலக்கியம் இந்த வரிக்கு ஆளும் சொல் 'உல்கு'. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் போகும் பெருவழியில் உல்கு வாங்குகிறார்கள். வில்லேந்திய வீரர்கள் காவல் நிற்கிறார்கள். பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்தில் உல்கு வாங்கும் அதிகாரிகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. திருவள்ளுவரும் அரசனின் பொருள் வழிகளில் ஒன்றாக உல்கைச் சொல்கிறார். அதற்கு உரை எழுத வந்த பரிமேலழகர், உல்கு என்றால் சுங்கம் என்று விளக்கி, கலத்தில் வரும் சரக்குக்கும் தரைவழி வரும் சரக்குக்கும் பொதுவான வரி அது என்கிறார். அவர் காலத்தில் பழைய சொல்லுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்கிறது. புதிய சொல் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

புதிய சொல்லின் பிறப்பில் ஐயம் இல்லை. வடமொழியில் 'சுல்கம்', பாலியில் அதுவே 'சுங்க'. பிராகிருதம் பேசிய வணிகர்களோடும் அரசு அலுவலர்களோடும் தெற்கே வந்து தமிழில் சுங்கமாயிற்று. மூலச்சொல்லுக்கு விலை என்றும் பொருள். மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் விலையும் சுல்கம்தான். தெலுங்கில் குரஜாட அப்பாராவ் எழுதிய 'கன்யாசுல்கம்' நாடகத்தின் பெயர் அந்தப் பொருளில் அமைந்தது. இந்தியில் இன்று பள்ளிக் கட்டணமும் 'சுல்க்', சுங்கவரியும் 'சீமா சுல்க்'. பெற்றுக்கொண்ட ஒன்றுக்குக் கொடுக்கும் விலையா, அதிகாரம் கேட்பதால் கொடுக்கும் வரியா என்ற குழப்பம் பிறக்கும்போதே இந்தச் சொல்லில் இருந்திருக்கிறது.

'உல்கு' எங்கிருந்து வந்தது? அதுவும் சுல்கத்தின் திரிபே என்று மொழியறிஞர் பலர் கொள்கிறார்கள். சொல்லின் தொடக்கத்துச் சகர ஒலி தமிழில் தேய்ந்து மறைவது வழக்கம்: சிரமணர் அமணர் ஆனார்கள், சகஸ்ரம் ஆயிரமாயிற்று, சிராவணம் ஓணமாயிற்று. அதே முறையில் சுல்கு உல்காயிற்று என்பது அவர்கள் வாதம். தனித்தமிழ் ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. உல்கு தமிழ்ச்சொல்லே என்பார்கள். முதல் தரப்பின் கருத்து எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் ஒரே வேர் நம் மொழிக்குள் இருமுறை வந்திருக்கிறது: சங்க காலத்துக்கு முன்பே ஒருமுறை உல்காக, பிறகு ஒருமுறை சுங்கமாக. வணிகப் பாதையில் வந்த சொல் வணிகம் பெருகியபோது மறுபடி வந்திருக்கிறது.

வாயிலில் நிற்கும் வரி

பழைய அரசுகள் சுங்கத்தை ஏன் இவ்வளவு விரும்பின? காரணம் எளிது. விளைச்சலை அளக்க வயல்வயலாகப் போக வேண்டும். வருமானத்தை அளக்கக் கணக்கேடு வேண்டும். சரக்கு மட்டும் தானே வாயிலுக்கு வரும். மலைக்கணவாய், ஆற்றுத்துறை, நகரவாயில், துறைமுகம் என்று நாலு இடத்தில் ஆள் நிறுத்தினால் போதும்.

அந்த வாயில் எப்படி வேலை செய்தது என்பதை அர்த்தசாஸ்திரம் விவரமாகக் காட்டுகிறது. நகரின் பெருவாயில் அருகே சுங்கச்சாவடி, அதன்மேல் ஒரு கொடி. நான்கைந்து அலுவலர்கள் உட்கார்ந்து, வருகிற வணிகன் யார், எந்த ஊர், எவ்வளவு சரக்கு, முதல் முத்திரை எங்கே குத்தப்பட்டது என்று எழுதிக்கொள்வார்கள். முத்திரை இல்லாத சரக்குக்கு இருமடங்கு சுங்கம். போலி முத்திரைக்கு எட்டு மடங்கு. பிறகு வணிகன் கொடியடியில் நின்று, இவ்வளவு சரக்கு, இவ்வளவு விலை, வாங்குவார் உண்டா என்று மூன்று முறை கூவ வேண்டும். போட்டியில் விலை ஏறினால், ஏறிய தொகையும் சுங்கமும் கருவூலத்துக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டின் நோக்கத்தைக் கவனியுங்கள். சுங்கத்துக்குப் பயந்து விலையைக் குறைத்துச் சொன்னால், அந்த விலைக்கே வாங்கிக்கொள்ள எதிரே ஆள் நிற்கிறான். போட்டியில் ஏறும் தொகையோ வணிகன் கைக்கு வராது. அதனால் அவன் தானாகவே உண்மை விலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறக்குமதிச் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவதைத் தடுப்பது இன்றும் சுங்கத்துறையின் பெரிய வேலை. இன்னொரு விதி இன்னும் கூர்மையானது: பொருளை விளைந்த இடத்திலேயே விற்கக்கூடாது. விற்றால் தண்டம். அப்படி விற்கும் சரக்கு வாயிலைத் தாண்டாது, வாயிலைத் தாண்டாத சரக்கு அரசின் கண்ணில் படாது.

காவிரிப்பூம்பட்டினத்தில் மூட்டைகள் மேல் புலி முத்திரை குத்தப்பட்டதன் பொருளும் இதுதான். கடலிலிருந்து கரைக்கு இறங்கியவை, கரையிலிருந்து கடலுக்கு ஏறவிருப்பவை என்று அளவின்றிக் குவிந்த பொதிகளில் வரி கட்டியது எது, கட்டாதது எது என்று பிரித்துக்காட்டியது அந்த முத்திரை. பட்டினத்தின் சிறப்பைப் பாட வந்த புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சுங்க அலுவலர்களின் சுறுசுறுப்பையும் அந்தச் சிறப்பில் ஒன்றாகச் சேர்த்துப் பாடியிருக்கிறார். ஒரு துறைமுகம் செழிக்கிறது என்பதற்கு அங்கே சேரும் உல்கே அவருக்குச் சான்று.

தவிர்த்தவனும் குறைத்தவனும்

வாயிலில் வாங்கும் வரிக்கு ஒரு கேடு உண்டு. வாயில்கள் பெருகினால் வணிகன் வேறு வழியில் போய்விடுவான். கடல் வணிகனுக்கோ வேறு துறைமுகம் எப்போதும் இருக்கிறது. இதை உணர்ந்த அரசர்கள் சுங்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு முயிரிக்கோட்டிலிருந்து ஒரு செப்பேடு வழங்கினான். வட்டெழுத்தில் பொறித்த அந்தச் செப்பேடு இன்றும் கொச்சி யூதர்களின் பெருமைக்குரிய ஆவணம். 72 உரிமைகளைச் சொல்லும் அதில் உல்கும் துலாக்கூலியும் விடப்பட்டதாக எழுதியிருக்கிறது. துலாக்கூலி என்பது சரக்கை எடைபோட வாங்கிய கட்டணம். ஒரு வணிகக் குழுவைத் தன் துறையிலேயே தங்கவைக்க அரசன் கொடுத்த சலுகை அது.

1070இல் சோழ அரியணை ஏறிய முதல் குலோத்துங்கன் இதற்கும் மேலே போனான். கல்வெட்டுகள் அவனைச் 'சுங்கம் தவிர்த்த' சோழன் என்றே அழைக்கின்றன. தஞ்சையை அடுத்த கருந்திட்டைக்குடிக்குச் 'சுங்கந்தவிர்த்த சோழநல்லூர்' என்று பெயர் வழங்கியது. ஊரை வென்றதற்குப் பட்டம் சூடிய மன்னர்கள் பலர். வரியை நீக்கியதற்காகப் பெயர் பெற்று, அந்தப் பெயரை ஓர் ஊருக்கும் கொடுத்தவன் இவன்.

அவன் ஆட்சியின் மற்றச் செய்திகளை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த முடிவின் பின்னிருந்த சிந்தனை விளங்குகிறது. 1077இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட வணிகத் தூது சீனத்துக்குப் போயிற்று. விசாகப்பட்டினம் குலோத்துங்கசோழப்பட்டினம் என்று பெயர் மாறியது. கடல் வணிகத்தில் கண்வைத்த ஆட்சி இது. அதே சமயம் 1086இலும் 1110இலும் சோழ நாட்டு நிலம் அளக்கப்பட்டது. இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் 'டூம்ஸ்டே' கணக்கெடுப்பை நடத்தியதும் அதே 1086இல்தான். புரவுவரித் திணைக்களத்தின் ஏடுகளில் நிலம் நுணுக்கமாக ஏறியது.

வாயிலில் வாங்குவதை விட்டவன் வயலை அளந்தான். நில அளவை ராஜராஜன் காலத்திலிருந்தே சோழர் வழக்கம்தான். சுங்கத்தை விட்டதற்காகவே குலோத்துங்கன் அளந்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுங்கத்தை விடும் துணிவு எவனுக்கு வரும்? நிலவரி ஏடு கையில் உறுதியாக இருப்பவனுக்கு வரும். வணிகன் நாட்டைவிட்டுப் போகக்கூடியவன், நிலம் போகாது. எல்லா வரிச் சீர்திருத்தத்துக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சோழரின் 'திணைக்களம்' தமிழ்நாட்டில் வழக்கொழிந்து துறையாகிவிட்டது. இலங்கையில் உயிரோடு இருக்கிறது. அங்கே வருமான வரி வாங்கும் அலுவலகத்தின் பெயர் உள்நாட்டு இறைவரித் திணைக்களம். இறை, வரி, திணைக்களம் என்று மூன்று சோழச் சொற்களும் ஒரே பெயர்ப்பலகையில் அமர்ந்திருக்கின்றன.

ஒரு வரி முடிவுக்கான காரணத்தையே கல்லில் எழுதிவைத்த அரசன் காகதீய கணபதிதேவன். ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளியில் 1244-45இல் நாட்டிய தூணில் அவன் சொல்வது இது: முன்னிருந்த அரசர்கள், புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பல்களின் சரக்கை எல்லாம் பறித்துக்கொண்டார்கள். உயிரைவிடப் பொருளைப் பெரிதாக எண்ணிக் கடலில் இறங்கி வருகிறவர்கள் மேல் இரக்கம் கொண்டு, நாம் வரையறுத்த சுங்கம் தவிர வேறெதையும் தொடமாட்டோம். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் அவன் வைத்த விகிதம் முப்பதில் ஒன்று. இரக்கமும் புகழாசையும் இருந்தன, உண்மை. ஆனால் 'இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை' என்று முன்கூட்டியே அறிவித்ததுதான் அதில் முதன்மையானது. வரி எவ்வளவு என்பதைவிட, அது நிலையானதா என்பதைத்தான் வணிகன் முதலில் பார்க்கிறான்.

1844: உப்புக்குள் போன சுங்கம்

கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக்கு வந்தபோது நாடெங்கும் உள்நாட்டுச் சுங்கச்சாவடிகள் இருந்தன. கும்பினி அவற்றை எடுக்கவில்லை. 'சாயர்' என்ற பெயரில் தன் வரவாக்கிக்கொண்டது. பல இடங்களில் வசூலைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரனுக்குத் தன் தவணைக்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். பருத்திப் பொதியோ வெல்ல வண்டியோ, சாவடிதோறும் நின்று, சோதனைக்கும் கைக்கூலிக்கும் ஆளாகி ஊர் சேர்ந்தது.

வங்காளத்தில் இந்தக் கொடுமையை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் சார்லஸ் டிரெவெல்யன் என்ற இளம் அதிகாரி. வரவு குறைவு, வணிகத்துக்கு இழைக்கும் கேடு மிகப்பெரிது என்ற அவர் வாதம் வென்றது. 1836இல் வங்காளத்தில் உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்தது. சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது 1844இல், அந்த ஆண்டின் 6ஆம் சட்டத்தால்.

அந்தச் சட்டத்தின் நீண்ட தலைப்பை ஒவ்வொரு வரிமாணவனும் படிக்க வேண்டும். உள்நாட்டுச் சுங்கத்தை ஒழிப்பது, கடல்வழிச் சரக்குக்கான தீர்வையைத் திருத்துவது, உள்நாட்டுப் பயனுக்கு விற்கும் உப்பின் விலையை முடிவு செய்வது என்று மூன்றும் ஒரே தலைப்பில் இருக்கின்றன. சுங்கச்சாவடிக்கும் உப்பு விலைக்கும் என்ன தொடர்பு? சாயரில் போன வரவை உப்பில் எடுத்தார்கள். உப்பு அரசின் தனியுரிமை. விலையை அரசே வைக்கலாம். விலையை உயர்த்தினார்கள்.

வண்டிக்காரனுக்கும் வணிகனுக்கும் அது விடுதலைதான். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் சாவடியில் சரக்கு உடையவன் கொடுத்த பணத்தை இப்போது கஞ்சிக்கு உப்புப் போடுகிற ஒவ்வொருவரும் கொடுத்தார்கள். செல்வனுக்கும் கூலிக்காரனுக்கும் வயிறு கேட்கும் உப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே. எனவே கூலிக்காரனின் வருமானத்தில் அந்த வரி பெரும்பங்கு. மேலும் சாவடியில் வாங்கியவனின் முகம் தெரிந்தது; அவனோடு சண்டை போடலாம். உப்பு விலைக்குள் இருந்த வரிக்கு முகம் இல்லை, தனிப் பெயரும் இல்லை. அதற்கு முகம் கொடுத்து மக்கள் எதிர்த்து நின்றது 86 ஆண்டுகள் கழித்து: 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்தவர்கள் அந்த வரியைத்தான் கையில் அள்ளிக் காட்டினார்கள்.

டிரெவெல்யனின் கதை அங்கே முடியவில்லை. 1859இல் அவர் சென்னை ஆளுநராக வந்தார். 1857 எழுச்சிக்குப் பிறகு இந்திய அரசின் கஜானா பற்றாக்குறையில் கிடந்தது. அதைச் சீர்செய்ய லண்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் வில்சன் 1860 பிப்ரவரி 18ஆம் நாள் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்து, வருமான வரியைக் கொண்டுவந்தார். டிரெவெல்யன் பகிரங்கமாக எதிர்த்தார். செலவைக் குறையுங்கள், குறிப்பாகப் படைச்செலவைக் குறையுங்கள், புதுவரி வேண்டாம் என்றார். தம் எதிர்ப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டதால் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் நோயுற்று இறந்தார். இரண்டு ஆண்டுகளில் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்த டிரெவெல்யன் காலத்திலேயே 1865இல் அந்த வருமான வரி காலாவதியானது.

வரியைக் குறைக்கும் எவரும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: சுமையை வேறிடத்துக்கு மாற்று, அல்லது செலவைக் குறை. மூன்றாவது வழி கடன். அதுவும் நாளைய வரிதான். 1844இன் சட்டம் முதல் வழி, 1860இன் டிரெவெல்யன் இரண்டாவது வழி.

யாருக்காகச் சுங்கம்?

சுங்கம் வரவுக்கு மட்டும் அல்ல, யாரைக் காப்பது என்பதற்கும் கருவி. 1882இல் இந்திய அரசு பருத்தித் துணி உள்படப் பெரும்பாலான இறக்குமதிச் சுங்கத்தை நீக்கியது. இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகளுக்கு அது கொண்டாட்டம். 1894இல் பணமுடை வந்தபோது சுங்கம் மீண்டும் வந்தது. லங்காஷயர் முறையிட்டது. விளைவாக இந்திய ஆலை உற்பத்திமேல் ஈடாக ஒரு தீர்வை போட்டார்கள். 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 விழுக்காடு, இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 விழுக்காடு. வெளிநாட்டுத் துணிக்கு வைத்த வரி உள்நாட்டு நெசவுக்கு எந்த நன்மையும் தந்துவிடக்கூடாது என்பதற்காகவே உள்நாட்டுத் துணிக்கும் வரி. இந்தத் தீர்வையை ஒழிக்க 1925 டிசம்பர்வரை போராட வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் திசை மாறியது. முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26ஆம் நாள் தாக்கல் செய்தவர் கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் உள்நாட்டுத் தொழிலைக் காக்க எழுப்பிய சுங்கச்சுவர் ஏறிக்கொண்டே போயிற்று. 1990-91இல் மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சுங்கத்திலிருந்து வந்தது. அர்த்தசாஸ்திரக் காலத்து ஆசை அப்படியே இருந்தது: வாயிலில் நின்றால் வாங்கிவிடலாம்.

1991 ஜூலை 24ஆம் நாள் நிதியமைச்சர் மன்மோகன் சிங் உச்சச் சுங்க விகிதத்தை 150 விழுக்காடாகக் குறைத்தார். அதே ஆண்டு ராஜா செல்லையா தலைமையில் வரிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. வரிவிகிதத்தைக் குறை, வரித்தளத்தை அகலப்படுத்து என்பது அந்தத் தமிழ்ப் பொருளியலறிஞரின் வழி. சுங்கத்தில் இழந்ததை எங்கே எடுப்பது? 1994இல் விடை வந்தது: சேவை வரி. தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு ஆகிய மூன்றுக்கு மட்டும் 5 விழுக்காடு. நாட்டு உற்பத்தியில் பெரும்பங்கு சேவைகளாக மாறிக்கொண்டிருந்தபோது அவை வரியின்றி இருந்தது நியாயமும் அல்ல. ஆனால் மூன்று சேவையில் தொடங்கியது நூற்றுக்கும் மேல் போயிற்று. 5 விழுக்காடு 2016இல் செஸ் என்னும் மேல்வரிகள் உட்பட 15 ஆயிற்று.

2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. மாநில எல்லைகளில் லாரிகளை வரிசையில் நிறுத்திய சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. குலோத்துங்கன் செயலுக்கு நம் காலத்தில் இதைவிட நெருங்கிய ஒன்றைக் காட்ட முடியாது. நாடு முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 301ஆம் பிரிவு சொன்னதன் நிறைவேற்றமும் இதுதான். வாயில் மறையவில்லை, கணினிக்குள் போய்விட்டது: 2018 முதல் மாநில எல்லை தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மின்வழிச் சீட்டோடு நகர்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் புலி முத்திரையின் வேலையை அந்த எண் செய்கிறது.

பெயர் உள்ள வரியும் பெயர் இல்லாத வரியும்

சாலையில் வாங்கும் பணத்தைச் சட்டம் வரி என்று சொல்லவில்லை. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலை விதிகளின்படி அது பயன்பாட்டுக்கான கட்டணம். மக்கள் அதற்குச் சுங்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வழியை மறித்து வாங்குவது எதுவானாலும் தமிழில் அது சுங்கம்தான். நாட்டில் எந்த வரியையும்விட அதிகமாக இதைப் பற்றிப் பேசுகிறோம், சண்டை போடுகிறோம், போராட்டம் நடத்துகிறோம். அது கண்ணெதிரே இருக்கிறது.

கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பதைப் பாருங்கள். உணவகத்தில் 100 ரூபாய்க்குச் சாப்பிட்டால் சீட்டின் அடியில் மத்திய வரி 2.50, மாநில வரி 2.50 என்று இரண்டு வரிகள் தனியே அச்சாகியிருக்கும். நேர்மையான சீட்டு. அதே தெருவில் மளிகைக் கடையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கினால் 'அனைத்து வரிகளும் உட்பட' என்று மட்டும் இருக்கும். எவ்வளவு வரி என்று பொட்டலம் சொல்லாது. 2025 செப்டம்பர் 22ஆம் நாள் பிஸ்கட்டுக்கான வரி 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வரவேற்க வேண்டிய முடிவு. குறைந்தது முழுவதும் நம் கைக்கு வந்ததா என்று பார்க்க, முன்பு எவ்வளவு கொடுத்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்குத் தெரியாது.

பெட்ரோலைப் பாருங்கள். நாம் கலால் வரி என்கிறோம். கலால் என்பது வடக்கே சாராயம் காய்ச்சி விற்றவரைக் குறித்த சொல். சாராயத்தின் மேலிருந்த வரிப்பெயர் எண்ணெய்க்கும் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டரசு ஆயத்தீர்வை என்ற நல்ல சொல்லை ஆள்கிறது. 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய ஆயத்தீர்வை 19.90 ரூபாயாக இருந்தது. அதில் அடிப்படைத் தீர்வை 1.40 ரூபாயாகத்தான் இருந்தது. மீதி எல்லாம் செஸ், சர்சார்ஜ் வகைக் கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் வந்தவை. அரசமைப்புச் சட்டத்தின் 270ஆம் பிரிவு செஸையும் சர்சார்ஜையும் மாநிலங்களோடு பகிரும் தொகுப்பிலிருந்து விலக்கிவைக்கிறது. ஆகவே அப்போது பகிர வேண்டியிருந்தது அந்த 1.40 மட்டும். கொடுத்தவருக்கு எல்லாம் ஒரே 19.90. ஆனால் எந்தப் பெயரில் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சென்னையின் பங்கும் டெல்லியின் பங்கும் மாறிவிடுகின்றன.

எனவே சுங்கத்தின் வரலாறு எனக்குச் சொல்லும் தீர்ப்பு இது: ஒரு வரியின் நியாயம் அதன் விகிதத்தில் மட்டும் இல்லை, கொடுப்பவருக்கு அது தெரிகிறதா என்பதிலும் இருக்கிறது. தெரிகிற வரியை எதிர்க்கலாம், ஒப்புக்கொள்ளலாம், கணக்குக் கேட்கலாம். விலைக்குள் புதைந்த வரியிடம் இவை எதுவும் முடியாது. பொட்டலத்தின் மேல் வரியைத் தனியே அச்சிடச் சொல்வது அரசுக்குப் பெரிய காரியம் அல்ல, செய்ய வேண்டும். செஸ் என்ற பெயர் மாநிலத்தின் பங்கைக் குறைக்கும் வழியாகக்கூடாது. அதற்கு ஓர் உச்சவரம்பு வேண்டும்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. பட்ஜெட் உரையின் இறுதியில் நிதியமைச்சர் வரிச்சலுகையால் அரசுக்குக் குறையும் வருவாய் எவ்வளவு என்று சொல்வது வழக்கம். 2025 பிப்ரவரியில் நேரடி வரியில் சுமார் 1 லட்சம் கோடி ரூபாய் என்று சொன்னார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். உரையோடு வெளியாகும் வரவு ஆவணம் நிதியமைச்சகத்தின் இணையதளத்தில் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது; வரிச்சலுகைகளால் குறையும் வருவாய்க்கு அதில் தனிப் பட்டியலே உண்டு. அதையும் உடன் வெளியாகும் செலவு ஆவணத்தையும் திறந்து, எந்த வரி குறைந்தது, எந்த வரி கூடியது, எந்தச் செலவு வெட்டப்பட்டது, கடன் எவ்வளவு ஏறியது என்று நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். தவிர்த்த சுங்கம் எங்கே போனது என்பது அந்தப் பக்கங்களில் எழுதியிருக்கிறது.